பேனாவோடு வரும் கன்வெர்ட்டிபிள் லேப்டாப்: வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

விரித்தால் லேப்டாப், மடக்கித் திருப்பினால் டேப்லெட், திரையில் பேனாவால் எழுதவும் செய்யலாம். இப்படி ஒரு கணினியை வேலைக்காக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ப்ராசஸர், ரேம், விலை என்ற வரிசையில்தான் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். சாதாரண லேப்டாப்புக்கு அந்த வரிசை சரி. இதற்கு அது சரிவராது. ப்ராசஸர் என்ன, ரேம் எவ்வளவு என்பது பெட்டியிலேயே அச்சாகியிருக்கும், யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பேனா கண்ணாடியில் எப்படி ஓடுகிறது, கையில் ஏந்தினால் எவ்வளவு நேரம் தாங்கும், மேலே எரியும் விளக்கு திரையில் விழுந்தால் எழுத்து தெரிகிறதா என்பதெல்லாம் எந்தப் பெட்டியிலும் இருக்காது. வாங்கிய பிறகு அவற்றை மாற்றவும் முடியாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி போதவில்லை என்றால் பல மாடல்களில் பெரியதாகப் போட்டுக்கொள்ளலாம். பேனாவை உணரும் பாகம் பிடிக்கவில்லை என்றால் கணினியையே மாற்றத்தான் வேண்டும்.

அதனால் இங்கே நான் சொல்லும் வரிசை வேறு: பின்னால் மாற்ற முடியாதவை முதலில், மாற்றிக்கொள்ளக்கூடியவை கடைசியில். இதுவரை திரையில் எழுதியே பழக்கம் இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பேனா எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த சில வாரங்களில் நீங்கள் கையால் எழுதியவற்றை எழுதிப் பாருங்கள். கூட்டத்தில் எடுத்த குறிப்புகள், பிடிஎஃப் வரைவில் போட்ட திருத்தங்கள், கையெழுத்துகள், படிவங்கள், யாருக்கோ விளக்குவதற்காகப் போட்ட படம். இதில் எது அதிகம் என்பதைப் பொறுத்து கணினியின் தேவை மாறும்.

கூட்டத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுப்பவருக்குப் பேனாவின் ஓட்டமும் உள்ளங்கையைத் திரை கண்டுகொள்ளாமல் இருப்பதும்தான் உயிர். பிடிஎஃப் திருத்துபவருக்குத் திரையின் அளவும் வடிவமும் முக்கியம். நின்றுகொண்டே படிவம் நிரப்புபவருக்கு, அதாவது கிடங்கு, வார்டு, கட்டுமான இடம் என்று சுற்றுபவருக்கு, எடைதான் முதல் கேள்வி. மாதத்துக்கு ஓரிரு கையெழுத்து மட்டும்தான் என்றால் வெளிப்படையாகவே சொல்கிறேன், இந்த வகைக் கணினி உங்களுக்குத் தேவையில்லை. அதே பணத்தில் நல்ல சாதாரண லேப்டாப் வாங்குங்கள்.

எந்த வடிவம்?

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பி டேப்லெட் பிசி எடிஷனை வெளியிட்டபோதுதான் இந்த வகை அலுவலகங்களுக்குள் பரவலாக நுழைந்தது. அப்போதைய கன்வெர்ட்டிபிள்களில் திரை நடுவில் ஒரே அச்சில் நிற்கும். அதை அரைவட்டம் சுழற்றி விசைப்பலகை மேல் படுக்க வைக்க வேண்டும். திங்க்பேட் எக்ஸ் வரிசை டேப்லெட்டுகள் பல ஆண்டுகள் அப்படித்தான் வந்தன. பழைய கணினிச் சந்தையில் இன்னும் அவை கிடைக்கும். அந்த ஒற்றை அச்சுதான் அவற்றின் பலவீனமான இடம். பழையது வாங்குவதாக இருந்தால் திரையின் இரு மூலைகளையும் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள்.

இப்போது அதிகம் கிடைப்பது 360 டிகிரி மடங்கும் வகை. 2012-ல் லெனோவோ யோகா வந்த பிறகு இது பரவியது. திரையைப் பின்பக்கமாக முழுக்க மடக்கலாம், கூடாரம் போல நிறுத்தலாம். கட்டமைப்பு உறுதியானது, மடியில் வைத்துத் தட்டச்சு செய்யவும் வசதி. குறை என்னவென்றால், டேப்லெட்டாகப் பிடிக்கும்போது விசைகள் எல்லாம் உங்கள் விரல்களுக்கு அடியில் இருக்கும். அவை வேலை செய்யாதபடி கணினி அணைத்துவிடும். ஆனாலும் அந்தத் தொடு உணர்வு சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை.

மூன்றாவது, விசைப்பலகையைக் கழற்றிவிடும் வகை. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோ இதற்கு நல்ல உதாரணம். கையில் பிடிக்க இதுதான் இலகு. ஆனால் எல்லாம் திரைக்குப் பின்னாலேயே இருப்பதால் மேல்பக்கம் கனம், பின்னால் ஒரு கால் முட்டுக் கொடுத்து நிற்கும். மடியில் வைத்து நீண்ட மின்னஞ்சல் அடிப்பது சிரமம். வேலையில் பாதி நேரம் தட்டச்சு என்றால் 360 டிகிரி வகை, நின்றபடி எழுதுவது அதிகம் என்றால் கழற்றும் வகை. இது என் கணக்கு.

பேனாவின் இனம்

இங்கேதான் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எல்லாத் திரைப் பேனாக்களும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒரு முறைக்கான பேனா பெரும்பாலும் வேறு முறைத் திரையில் எழுதாது.

பேனாத் தொழில்நுட்பம் தயாரிக்கும் வேகாம் நிறுவனத்தின் இஎம்ஆர் என்ற மின்காந்த ஒத்ததிர்வு முறையில் பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. திரைக்குப் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள் பலகையிலிருந்தே பேனா சக்தி எடுத்துக்கொள்ளும். சாம்சங்கின் எஸ் பேனா இந்த வகை. சார்ஜ் போட மறந்துவிட்டோம் என்ற கவலையே இல்லை. கோடும் நிதானமாக விழும். அதன் பழைய குறை திரையின் ஓரங்கள்: விளிம்பை நெருங்க நெருங்க, முனை ஓரிடத்தில் இருக்க மை சற்றுத் தள்ளி விழும். காந்தம் பக்கத்தில் இருந்தாலும் குழம்பும்.

அதே வேகாமின் ஏஇஎஸ் முறை வேறு. இதில் விரல் தொடுவதை உணரும் அடுக்கே பேனாவையும் உணர்கிறது. கனமான தனிப் பலகை தேவையில்லாததால் திரை மெலிதாகும், ஓரங்களிலும் துல்லியம் நன்றாக இருக்கும். ஆனால் பேனாவுக்குச் சக்தி வேண்டும். சிலவற்றில் சாதாரண பென்சில் பேட்டரியைவிட ஒல்லியான ஏஏஏஏ பேட்டரி போட வேண்டும், சிலவற்றைக் கணினியின் உள்ளேயே இருக்கும் பொந்தில் செருகி வைத்தால் சில நொடிகளில் சார்ஜ் ஏறும். பேனா தொலையாமல் இருக்கவும் அந்தப் பொந்து நல்லது. ஆனால் பொந்துக்குள் போகும் பேனா மெல்லியது, நீண்ட நேரம் எழுதினால் விரல் வலிக்கும். அதிகம் எழுதுபவர்கள் தடித்த பேனா ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது மைக்ரோசாஃப்ட் பென் ப்ரோட்டோகால், சுருக்கமாக எம்பிபி. இது என்-ட்ரிக் என்ற நிறுவனத்திலிருந்து வந்த தொழில்நுட்பம். 2015-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. சர்ஃபேஸ் தவிர வேறு நிறுவனங்களின் பல கணினிகளும் இதைப் பயன்படுத்துகின்றன. குரோம்புக்குகளில் யூஎஸ்ஐ என்ற பொதுத் தரத்தைப் பார்க்கலாம்.

பிராண்ட் பெயரை வைத்து மட்டும் பேனா பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு சர்ஃபேஸ் ப்ரோ மாடல்கள் வேகாம் முறையில் வந்தவை. 2014-ல் வந்த மூன்றாவது மாடல் என்-ட்ரிக்குக்கு மாறியது. ஒரே பெயர், ஒரே நிறுவனம், ஆனால் பழைய பேனா புதியதில் எழுதாது. அதனால் மாடல் எண்ணை வைத்துத் தேடி, எந்த முறை என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேனா தொலைந்தால் என்ன வாங்குவது என்ற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில். பேனா கணினியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். தனியாக வாங்க வேண்டியிருந்தால் அதையும் விலையோடு கூட்டித்தான் இரண்டு கணினிகளை ஒப்பிட வேண்டும்.

விளம்பரத்தில் 1024, 2048, 4096 அழுத்த நிலைகள் என்று போட்டிருக்கும். ஓவியம் வரைபவர்களுக்கு அது பொருட்டு. குறிப்பு எழுதவும் கையெழுத்துப் போடவும் 1024-ஏ தாராளம். இந்த எண்ணை வைத்து ஒரு கணினியை விட்டு இன்னொன்றுக்குப் போகாதீர்கள்.

எழுதிப் பார்க்கும் சோதனை

இனிச் சொல்வதற்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அவசரமாகப் பார்த்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள். கணினியைத் தட்டையாக மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கமாகத் தாளில் எழுதும் நிலையில் எழுதுங்கள். நின்றுகொண்டு இரண்டு கிறுக்கல் போட்டால் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒன்நோட் அல்லது கணினியில் இருக்கும் ஏதாவது குறிப்புச் செயலியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, இந்த வாக்கியத்தை உங்கள் வழக்கமான வேகத்தில், வழக்கமான அளவில் எழுதுங்கள்:

பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஒற்றைக் கோட்டில் எழுதுகிறார்கள்.

இதில் ஒவ்வொரு சொல்லிலும் 2 மெய்யெழுத்து, மொத்தம் 12 புள்ளிகள். எழுதி முடித்ததும் புள்ளிகளை எண்ணுங்கள். பேனா கோடு போடத் தொடங்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அது அதிகமாக இருக்கும் பேனாக்களில், போகிற போக்கில் மெல்லத் தொட்டு வைக்கும் புள்ளிகள் பதியாமல் போகும். க் என்பது க ஆகிவிடும், ட் என்பது ட ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதிச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அங்கே புள்ளி குறைவு. தமிழில் எழுதும் நமக்கு வரிக்கு வரி புள்ளி. 12-ல் ஒன்று விட்டுப் போனால் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். மறுபடியும் விட்டுப் போனால் பேனாவின் அழுத்த அமைப்பை மென்மையாக மாற்றிப் பாருங்கள். அப்படியும் விடுகிறது என்றால் அந்தக் கணினி வேண்டாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அழுத்தி அழுத்தி எழுதினால் அரை மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும்.

புள்ளியில் இன்னொரு கோளாறும் வரும். புள்ளி வட்டமாக விழாமல் சிறு வால் முளைத்து, கமா போல நிற்கும். பேனாவைத் தூக்கிய பிறகும் கணினி ஒரு நொடிப்பொழுது கோட்டை இழுக்கிறது என்று அர்த்தம். எழுத்து எல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரியும். இ, ஞ, ழ ஆகிய எழுத்துகளைச் சின்னதாக எழுதி, சுழிகள் அடைபடாமல் வருகின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது கோட்டுச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைத் திரையில் மூலைக்கு மூலை சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாகக் கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாம் நேராகத்தான் வரும். உணரும் கம்பிகள் திரைக்குள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கணினி கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்கு தவறும் இடங்களில் மெதுவான சாய்வுக் கோடு அலை அலையாக நெளியும். ஏஇஎஸ், எம்பிபி வகைகளில் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம். கொஞ்சம் நெளிவு குறிப்பெடுப்பதற்குப் பரவாயில்லை. வரைபடம் போடுபவர்கள் மட்டும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அப்புறம் உள்ளங்கை. மணிக்கட்டு, சுண்டுவிரல் பக்கம் எல்லாம் திரையில் நன்றாகப் பதியும்படி வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். நடுவில் பக்கம் தானாக நகர்ந்தாலோ, பெரிதானாலோ, கை பட்ட இடத்தில் கோடு விழுந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். பேனா திரையை நெருங்குவதற்கு முன் கையை வைத்துவிட்டால்தான் இந்தத் தொல்லை அதிகம் வரும், அதனால் வேண்டுமென்றே கையை முதலில் வைத்துப் பாருங்கள். இடது கையால் எழுதுபவர்கள் அமைப்புகளில் எந்தக் கையால் எழுதுகிறோம் என்பதை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் மெனுக்கள் எல்லாம் கைக்கு அடியில் திறக்கும்.

கண்ணாடியின் தடிமனைப் பார்க்க முனையை ஒரு சிறிய பொத்தானின் மேல் வைத்து, நேராகவும் சாய்ந்தும் பாருங்கள். முனைக்கும் மை விழும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால், கண்ணாடிக்கும் படத் தளத்துக்கும் நடுவே தூரம் அதிகம். இப்போதைய நல்ல திரைகளில் இரண்டும் ஒட்டியே இருக்கும். பழைய மாடல்களில் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும். நான்கு மூலைகளிலும் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, மை முனையிலேயே விழுகிறதா என்று பார்ப்பதும் இந்தச் சோதனையிலேயே அடங்கும்.

மை முனையைத் துரத்திக்கொண்டு வருகிற தாமதம் எல்லாக் கணினியிலும் கொஞ்சம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறை படத்தைப் புதுப்பிக்கிறது, 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லி நொடிக்கு ஒரு முறை. 120 ஹெர்ட்ஸ் திரையில் எழுதிவிட்டு 60-க்கு வந்தால் வித்தியாசம் தெரியும். ஆனாலும் 60 ஹெர்ட்ஸில் எழுத முடியாது என்பதெல்லாம் இல்லை, கை பழகிவிடும். புள்ளி பதியாததும் உள்ளங்கைத் தொல்லையும்தான் பழகாதவை.

முக்கியமான ஒரு விஷயம், முடிவு சொல்வதற்கு முன் விண்டோஸ் அமைப்புகளில் பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிட்டு இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். அழுத்துவது கிளிக்கா, கோடா என்று கணினி யோசிப்பதால் சில செயலிகளில் ஒவ்வொரு எழுத்தின் தொடக்கமும் தாமதமாகும். குற்றம் பேனாவுடையது அல்ல, அமைப்பினுடையது. பேனாவின் பக்கவாட்டுப் பொத்தானில் வலது கிளிக் இருக்கிறது, அது போதும்.

கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதியை நம்பி வாங்குபவர்கள், நீங்கள் எழுதும் மொழியில், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே செயலியில் அது வேலை செய்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் அழகாக மாறுவதைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் அப்படியே மாறும் என்று எண்ண வேண்டாம். மாறாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. மையை மையாகவே வைத்திருந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பை மட்டும் தட்டச்சு செய்தால் பின்னால் தேடி எடுத்துவிடலாம்.

திரை: வடிவமும் வெளிச்சமும்

ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், உயரம் 11.69. கணினியை நிமிர்த்தி, நெட்டாகப் பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 அங்குல 16:9 திரையின் (நீள, அகல விகிதம் 16-க்கு 9) அகலம் சுமார் 6.9 அங்குலம்தான். அதே 14 அங்குலம் 16:10 என்றால் 7.4. 13.5 அங்குல 3:2 திரையில் 7.5. அதாவது சிறிய 3:2 திரை, பெரிய 16:9 திரையைவிட அகலமான பக்கத்தைத் தருகிறது. ஏ4 அளவில் தயாரான பிடிஎஃப்களைத் திருத்துபவர்கள் அங்குலத்தைவிட விகிதத்தைப் பார்த்து வாங்குவதுதான் சரி. பேனாக் கணினியில் 16:9-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். நெட்டாகப் பிடித்தால் துண்டுச் சீட்டில் எழுதுவது போல ஆகிவிடும்.

பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். அறைக்குள் மட்டும் என்றால் 300 போதும், ஜன்னலோரம் உட்காருபவருக்கு 400 வேண்டும், வெளியில் சுற்றுபவருக்கு அதற்கும் மேல். ஆனால் எண்ணைவிடப் பிரதிபலிப்புதான் பெரிய சிக்கல். லேப்டாப்பாகப் பயன்படுத்தும்போது திரை உங்களுக்கு எதிரே நிற்கும். எழுதும்போது அது மேசையில் படுத்துக்கொள்ளும், கூரை விளக்கு நேராக அதன் மேல் இருக்கும். பளபளப்பான கண்ணாடியில் அந்த ட்யூப் லைட் அப்படியே எழுத்தின் நடுவில் வந்து உட்காரும். அதனால் கணினியைப் படுக்கவைத்த நிலையில், விளக்குக்கு நேர் கீழே வைத்துப் பாருங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உள்ள திரைகளில் முனை கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஓடும் என்பது கூடுதல் நன்மை. வழுவழுக் கண்ணாடியில் எழுத்து உங்கள் கையெழுத்தாகவே இருக்காது. சொரசொரப்பான படலம் ஒட்டினால் இது ஓரளவு சரியாகும், ஆனால் படம் சற்று மங்கும், முனையும் சீக்கிரம் தேயும்.

கையில் ஏந்திப் பாருங்கள்

13, 14 அங்குல 360 டிகிரி கணினிகள் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். எடுத்துப் போக இது இலகுதான். முன்கையில் சாய்த்து வைத்து நின்றபடி எழுத இது கனம். டேப்லெட்டாக மடக்கி, இடது முன்கையில் வைத்து, பத்து நிமிடம் நின்றபடியே ஏதாவது படிவத்தை நிரப்புங்கள். ஐந்தாவது நிமிடமே நாற்காலியைத் தேடினால் உங்களுக்கு வேண்டியது கழற்றும் வகை.

பிடித்திருக்கும்போதே மூன்றைக் கவனியுங்கள். சூடான காற்று வெளியேறும் துளைகளை உங்கள் கை அடைக்கிறதா? பவர் பொத்தான் விளிம்பில் இருந்தால் தெரியாமல் அழுத்திவிடுகிறீர்களா? திரையைத் திருப்பினால் படம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது? படம் திரும்புவதைப் பூட்டி வைக்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மேசைக்கும் கைக்கும் மாறி மாறி எழுதுபவர்களுக்கு அது தினமும் தேவைப்படும்.

திரையையும் விசைப்பலகையையும் இணைக்கும் ஹிஞ்சுக்கு ஒரே சோதனை. லேப்டாப் நிலையில் திரையை நிறுத்தி, பேனாவால் திரையில் ஒரு பொத்தானைத் தட்டுங்கள். திரை எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று பாருங்கள். ஒருமுறை அசைந்து நின்றால் நல்லது.

உள்ளே இருப்பவை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கன்வெர்ட்டிபிள்களில் ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. அதனால் 16 ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம். எஸ்எஸ்டி எம்.2 என்ற தனி அட்டை வகையாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா, ஏறினால் இரண்டு பக்கமும் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். டேப்லெட்டாகப் பிடிக்கும்போது சார்ஜர் வயர் கைப்பக்கம் வந்தால் எழுதவே முடியாது. பேட்டரியை எத்தனை மணி நேரம் என்ற விளம்பரத்தை வைத்து ஒப்பிடாமல் அதன் கொள்ளளவைச் சொல்லும் வாட் ஹவர் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். குறிப்பெடுக்கும்போது திரை இடைவிடாமல் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் விளம்பர மணிக்கணக்கு உங்களுக்குக் கிடைக்காது.

அலுவலக வேலை என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அவசியம், அது இல்லாமல் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ முடியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது: இன்டெல் ப்ராசஸர் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் ஏறக்குறைய இல்லை. வாடிக்கையாளர் தகவல்களைக் கையாளுபவர் அப்படி ஒன்றை இணையத்தில் இணைத்து வேலை செய்வது சரியல்ல.

வணிக வரிசை மாடல்களுக்கு விலை கூட இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. லெனோவோ, ஹெச்பி, டெல் நிறுவனங்கள் தங்கள் வணிகக் கணினிகளுக்குப் பழுதுபார்க்கும் கையேட்டை இணையத்திலேயே வெளியிடுகின்றன. பாக எண்ணோடு பேட்டரி, விசைப்பலகை, திரை என்று தேடி வாங்கலாம். வாங்குமுன் அந்தக் கையேட்டை இறக்கி, பேட்டரியைக் கழற்ற எத்தனை திருகு, திரை உடைந்தால் கண்ணாடி மட்டுமா மொத்தத் தொகுதியுமா மாற்ற வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலான பேனாக் கணினிகளில் கண்ணாடி, படத் தளம், தொடு அடுக்கு மூன்றும் ஒட்டியே வரும். திரை உடைந்தால் செலவு பெரிது. தவறி விழுவதற்கும் சேர்த்து உத்தரவாதம் கிடைத்தால் இந்த வகைக் கணினிக்கு அதை எடுத்துக்கொள்வது நல்லது.

பயன்படுத்திய கணினி வாங்கினால்

மேலே சொன்ன எல்லாச் சோதனைகளோடு இன்னும் இரண்டு. வரையும் செயலியில் முழுத் திரைக்கும் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு கோடும் ஒரே இடத்தில் அறுபட்டால் அங்கே உணரும் அடுக்கு செத்திருக்கிறது. விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையை எடுத்து, தொழிற்சாலைக் கொள்ளளவுக்கும் இப்போது முழுதாக ஏறும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பேனா இல்லாமல் விற்கிறார்கள் என்றால், சரியான பேனாவோடு வந்து சோதிக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். பேனா இல்லாததால் அது எழுதுகிறதா என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் செயலிகளோடு ஒத்துப்போகிறதா

பேனா நன்றாக எழுதும், ஆனால் நீங்கள் பயன்படுத்தும் செயலியில் எழுதாது. இப்படியும் நடக்கும். விண்டோஸில் பேனாவுக்கு இரண்டு வழிகள் உண்டு: விண்டோஸ் இங்க், அதற்கும் முந்தைய வின்டேப். பழைய வரைகலைச் செயலிகள் சில வின்டேப்பை மட்டுமே அறியும். அவற்றுக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டும். குறிப்பு, பிடிஎஃப் வேலை மட்டும் செய்பவர்களுக்கு இதில் கவலை இல்லை.

அலுவலகம் தொலைக் கணினி முறையில் (வேறிடத்தில் உள்ள கணினியை இணைப்பு வழியாக இயக்குவது) இயங்குகிறது என்றால் கட்டாயம் சோதியுங்கள். அந்த இணைப்பின் வழியே பேனா பல சமயம் வெறும் மவுஸாகத்தான் போய்ச் சேரும். அழுத்தம் தெரியாது, கோடு பின்தங்கும், கையெழுத்து பல்வரிசையாக வரும். உங்கள் நிறுவனத்தின் படிவம் ஒன்றைத் திறந்து உண்மையாகவே கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். ஐடி பிரிவின் ஆளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, அமைப்பில் மாற்ற முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு வாரம் வேலையில் வையுங்கள்

திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். முதல் வாரத்தில் தாள், குறிப்பேடு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, எழுதுவது அனைத்தையும் திரையிலேயே எழுதுங்கள். தினமும் மாலை இரண்டு வரி குறித்து வையுங்கள்: இன்று எந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தாளைத் தேடினேன், ஏன் தேடினேன். செயலியைத் திறக்க நேரமானது, பேனா சார்ஜ் இல்லை, வெளிச்சம் கூசியது, கை வலித்தது என்று காரணங்கள் வரும். முதல் இரண்டு நாளின் சிரமங்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம், கை புதிது. வாரக் கடைசியிலும் அதே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. செயலி, அமைப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் சரிசெய்யலாம். திரை, எடை, பேனா சம்பந்தப்பட்டதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் அன்றே மாற்று முனைகள் ஒரு பொட்டலம் வாங்கிவிடுங்கள். தேய்ந்த முனை ஒருபக்கம் சப்பையாகி, எழுதும்போது கிரீச்சிட ஆரம்பிக்கும். மாடல் பழசானால் அதன் முனைகளைக் கண்டுபிடிப்பது கஷ்டம், இப்போது சுலபமாகக் கிடைக்கும்.